பயிற்சித் திடலில் கற்றது ஆட்டத்தில் நிற்க: அமெச்சூர்களுக்கான கோல்ஃப் கற்பித்தல்

கோல்ஃபில் மட்டையைப் பின்னால் தூக்கத் தொடங்கியதிலிருந்து அது பந்தைத் தொடும்வரை ஏறத்தாழ ஒரு நொடி ஆகிறது. அதில் மட்டை கீழே இறங்கும் பகுதி கால் நொடியை ஒட்டி முடிந்துவிடும். மட்டையின் முகமும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம், ஒரு நொடியை இரண்டாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. பந்தின் வேகம், திசை, சுழற்சி மூன்றும் அந்தக் கணத்திலேயே முடிவாகிவிடுகின்றன. இவ்வளவு குறுகிய செயலைப் பற்றி நூறாண்டுக்கு மேலாக அறிவுரைகள் குவிந்துவருகின்றன. கையின் பிடி, கால் வைக்கும் அகலம், தோளின் சுழற்சி, இடுப்பின் நகர்வு, மணிக்கட்டின் மடிப்பு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாடங்கள் உண்டு. ஆனாலும் பணமும் நேரமும் செலவழித்துக் கற்கும் சாதாரண ஆட்டக்காரர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் ஒரே நிலையில் நிற்கிறார்கள்.

அறிவுரை போதாமல் அவர்கள் நிற்கவில்லை. கற்பிக்கும் முறைக்கும் மனித உடல் ஒரு திறனைக் கற்றுக்கொள்ளும் முறைக்கும் இடையே உள்ள பொருத்தமின்மைதான் பெரும்பாலும் தடையாக இருக்கிறது. இந்தப் பொருத்தமின்மை எங்கெங்கே இருக்கிறது, அதை எப்படிக் குறைக்கலாம் என்பதற்கு இயற்பியலும் இயக்கத்திறன் கற்றல் ஆய்வுகளும் புள்ளியியலும் தெளிவான விடைகளைத் தந்திருக்கின்றன.

அமெச்சூர் யார்?

தொழில்முறை வீரருக்கு ஆட்டமே வேலை. அமெச்சூர் ஆட்டக்காரருக்கு வாரத்தில் ஒருநாள் ஆட்டமும், கிடைத்தால் ஓரிரு மணி நேரப் பயிற்சியும்தான் வாய்க்கும். அவரது திறனை அளக்க ஹேண்டிகேப் என்ற எண் பயன்படுகிறது. அவர் இலக்கு எண்ணிக்கையைவிட எத்தனை அடி கூடுதலாக அடிக்கக்கூடியவர் என்பதை அது தோராயமாகக் காட்டுகிறது. 2020இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறை, கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8 ஆட்டங்களைக் கொண்டு இந்த எண்ணைக் கணக்கிடுகிறது. அமெரிக்கக் கோல்ஃப் சங்கத்தின் பதிவுகளில் ஆண்களின் சராசரி 14ஐ ஒட்டியும் பெண்களின் சராசரி 28ஐ ஒட்டியும் இருக்கிறது. ஹேண்டிகேப் வைத்திருப்பவர்கள் ஆட்டத்தில் ஆர்வம் மிகுந்தவர்கள். பதிவே செய்யாமல் ஆடுவோரின் திறன் இதற்கும் கீழே இருக்கும் என்று கொள்ளலாம்.

இத்தகையவருக்குத் தேவைப்படும் கல்வி தொழில்முறை வீரரின் கல்வியைச் சுருக்கித் தருவதாக இருக்க முடியாது. அவருக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. அலுவலக நாற்காலியில் இறுகிய இடுப்பும் முதுகும் அவருடையவை. அவர் செய்யும் பிழைகளும் வேறு.

பாடத்தை எதைக் கொண்டு அளப்பது?

ஒரு மணி நேரப் பாடத்தின் முடிவில் பந்து நேராகப் பறந்தால் ஆசிரியரும் மாணவரும் மகிழ்ச்சியோடு விடைபெறுகிறார்கள். அடுத்த வார ஆட்டத்தில் பழைய பிழை திரும்பிவிடுகிறது. கற்றல் ஆய்வாளர்கள் இதை நன்கு அறிவார்கள். பயிற்சியின்போது வெளிப்படும் செயல்திறன் ஒன்று, நிலைத்து நிற்கும் கற்றல் மற்றொன்று. பயிற்சி நேரத்தில் வேகமாக முன்னேற்றம் காட்டும் முறைகள் சில, நீண்ட கால நோக்கில் குறைவாகவே பலன் தருகின்றன. பயிற்சியில் தடுமாற வைக்கும் முறைகள் சில, நெடுநாள் நிற்கும் கற்றலைத் தருகின்றன.

மார்க் குவாடக்னோலியும் அவருடன் பணியாற்றியவர்களும் 2002இல் வெளியிட்ட கோல்ஃப் ஆய்வு இங்கே பொருந்துகிறது. காணொளியின் துணையோடு கற்றவர்கள், ஆசிரியரின் சொல்லைக் கேட்டு மட்டும் கற்றவர்கள், தாமாகவே பயின்றவர்கள் என்று மூன்று குழுக்களை அவர்கள் ஒப்பிட்டார்கள். பயிற்சி முடிந்த உடனே நடந்த சோதனையில் குழுக்களுக்கிடையே சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்து நடந்த சோதனையிலோ ஆசிரியரிடம் கற்ற இரு குழுக்களும் முந்தியிருந்தன. காணொளிக் குழு முதலிடத்தில் இருந்தது. பாடத்தின் விளைவு உடனே தென்படாமல் போகலாம், உடனே தென்படுவது நிற்காமலும் போகலாம் என்பதை இது காட்டுகிறது. ஆகவே ஆசிரியர் அருகில் இல்லாத ஒரு நாளில், சில வாரங்கள் கழித்து, ஆட்டத்தில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதே பாடத்தின் சரியான அளவுகோல்.

பந்து சொல்லும் உண்மை

கற்பித்தலின் முதல் தேவை பிழையைச் சரியாகக் கண்டறிவது. நெடுங்காலம் பயிற்சியாளர்கள் பலர் ஒரு தவறான விதியைக் கற்பித்துவந்தார்கள். மட்டை வீசப்படும் பாதையின் திசையில் பந்து கிளம்புகிறது, பிறகு மட்டைமுகம் பார்க்கும் திசைக்கு வளைகிறது என்பது அந்த விதி. அலஸ்டர் காக்ரனும் ஜான் ஸ்டாப்ஸும் எழுதி 1968இல் வெளியான பிரிட்டிஷ் அறிவியல் குழுவின் ஆய்வு நூலிலேயே இதற்கு மாறான விளக்கம் இருந்தது. ஆனால் அது பயிற்சித் திடல்களை எட்டப் பல பத்தாண்டுகள் ஆயின. 2003இல் டென்மார்க்கில் தொடங்கப்பட்ட டிராக்மேன் போன்ற நிறுவனங்களின் ரேடார் கருவிகள் மட்டையின் பாதையையும் முகத்தின் கோணத்தையும் ஒவ்வோர் அடியிலும் அளந்து காட்டிய பிறகே பழைய விதி பரவலாகக் கைவிடப்பட்டது.

பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மட்டைமுகம். டிரைவர் போன்ற சாய்வு குறைந்த மட்டைகளில் அதன் பங்கு ஏறத்தாழ 85 விழுக்காடு, அயர்ன் மட்டைகளில் ஏறத்தாழ 75 விழுக்காடு. பந்து வளைவது முகத்தின் திசைக்கும் வீச்சின் பாதைக்கும் உள்ள வேறுபாட்டால். மட்டைமுகத்தின் நடுப்பகுதியில் பந்து பட்டால்தான் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். டிரைவரின் முனைப்பக்கத்தில் பட்டால் பந்து இடப்பக்கமும், குதிப்பக்கத்தில் பட்டால் வலப்பக்கமும் வளையும். இது வலக்கை ஆட்டக்காரரின் கணக்கு.

தவறான விதி மாணவரை எப்படிக் கெடுத்தது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். ஒருவர் அடிக்கும் பந்து இலக்குக்கு வலப்பக்கம் கிளம்பி மேலும் வலப்பக்கமே வளைகிறது. பழைய விதிப்படி அவரது பாதை வலப்பக்கம் போகிறது என்று ஆசிரியர் முடிவுசெய்து, இடப்பக்கம் வீசும்படி சொல்வார். உண்மையில் வலப்பக்கம் பார்த்து நிற்பது மட்டைமுகம். பாதை ஏற்கெனவே முகத்துக்கு இடப்பக்கம்தான் இருக்கிறது. மாணவர் சொன்னபடி இன்னும் இடப்பக்கம் வீசினால் இரண்டுக்கும் இடையிலான கோணம் விரியும், வளைவு கூடும். ஆசிரியரின் சொல்லை அக்கறையோடு கேட்ட மாணவரே அதிகம் துன்பப்பட்டிருப்பார்.

விலை உயர்ந்த கருவி இல்லாமலும் இந்த உண்மைகளைப் பார்க்கலாம். மட்டைமுகத்தில் பாதத்துக்குப் போடும் பவுடர் ஸ்பிரேயைத் தெளித்துவிட்டு அடித்தால் பந்து பட்ட இடம் அச்சாகப் பதியும். புல்தரையில் ஒரு வெள்ளைக் கோடு இழுத்து, கோட்டின் மேல் பந்தை வைத்து அயர்னால் அடித்தால், மண் பெயர்ந்த குழி எங்கே தொடங்குகிறது என்று தெரியும். குழி கோட்டுக்கு முன்னால், இலக்கின் பக்கம் இருந்தால் மட்டை முதலில் பந்தைத் தொட்டிருக்கிறது. கோட்டுக்குப் பின்னால் இருந்தால் முதலில் மண்ணைத் தொட்டிருக்கிறது. ஆசிரியர் விளக்காமலே மாணவர் இதைப் படித்துக்கொள்ளலாம்.

எத்தனை சொல், எதைப் பற்றிய சொல்?

மட்டை கீழே இறங்கும் கால் நொடிக்குள் மூன்று அறிவுரைகளை நினைவில் வைத்துச் செயல்படுத்துவது மனித மூளைக்கு இயலாது. கண்ணால் கண்டதற்கு எளிய எதிர்வினை காட்டவே ஏறத்தாழ ஐந்தில் ஒரு நொடி ஆகிறது. வீச்சின் நடுவே திருத்தம் செய்ய நேரமே இல்லை. ஆகவே மாணவர் சுமந்து செல்லும் எண்ணம் ஒன்றாக இருப்பதே நல்லது. அந்த ஓர் எண்ணம் எதைப் பற்றியது என்பதும் முக்கியம்.

காப்ரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 1999இல் கோல்ஃப் ஆடியே அறியாதவர்களை இரு குழுக்களாகப் பிரித்துக் குறுந்தொலைவு அடியைக் கற்பித்தார்கள். ஒரு குழுவிடம் கைகளின் அசைவைக் கவனிக்கச் சொன்னார்கள், மற்றதிடம் மட்டையின் அசைவைக் கவனிக்கச் சொன்னார்கள். மட்டையைக் கவனித்தவர்கள் பயிற்சியிலும் சிறப்பாகச் செய்தார்கள், அறிவுரை ஏதுமின்றி மறுநாள் நடந்த சோதனையிலும் முந்தினார்கள். கவனத்தை உடலுறுப்பின்மேல் வைப்பதைவிட, செயலின் விளைவின்மேல் வைப்பது நல்லது என்ற இந்த முடிவு பல விளையாட்டுகளில் மீண்டும் மீண்டும் உறுதிப்பட்டிருக்கிறது.

இந்த உண்மையை ஆய்வுக்கூடங்களுக்கு வெகுமுன்பே கண்டுகொண்டவர் ஏர்னஸ்ட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய ஆசிரியர். முதல் உலகப் போரில் காயம்பட்டு வலக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர் அவர். ஒற்றைக் காலில் நின்று மீண்டும் ஆடத் தொடங்கியபோது, தம்மால் முன்போலவே பந்தை நன்றாக அடிக்க முடிவதைக் கண்டார். கால்களும் இடுப்பும் இன்னபடி நகர வேண்டும் என்று சொல்லப்பட்டதெல்லாம் அவருக்குக் கேள்விக்குள்ளானது. மட்டையின் தலையை ஊசலாக வீசுவதே மையம், உடல் அதற்கு ஏற்பத் தானே அமையும் என்ற முடிவுக்கு வந்தார். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து பல்லாயிரம் பாடங்கள் நடத்திய அவரது புகழ்பெற்ற கருவி, கைக்குட்டையின் நுனியில் கட்டிய ஒரு சிறு மடக்குக் கத்தி. அதை ஊசல்போல ஆட்டும்போது கைக்குட்டை விறைப்பாக இருக்கும், வெட்டி இழுத்தால் துவளும். மட்டையின் வீச்சை மாணவர் கையிலேயே உணர அது போதுமாயிருந்தது.

அறிவுரை கூடினால் பதற்றத்தில் என்ன நடக்கும் என்பதை ரிச்சர்ட் மாஸ்டர்ஸ் 1992இல் ஆராய்ந்தார். பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டிங்கை ஒரு குழுவுக்கு விளக்கமான குறிப்புகளோடு கற்பித்தார். இன்னொரு குழு ஒழுங்கற்ற வரிசையில் எழுத்துகளைச் சொல்லிக்கொண்டே பயின்றது. அதனால் விதிகளை மனத்தில் உருவாக்கிக்கொள்ள அவர்களுக்கு வாய்ப்பு இல்லை. பிறகு பணமும் மதிப்பீடும் சேர்ந்த அழுத்தத்தில் இரு குழுக்களையும் ஆடவைத்தபோது, விதிகளை அறிந்த குழு தடுமாறியது, அறியாத குழு தொடர்ந்து முன்னேறியது. நிறைய விதிகளைத் தெரிந்தவர் நெருக்கடியில் ஒவ்வொன்றையும் சரிபார்க்கத் தொடங்குகிறார். தானே நடந்துகொண்டிருந்த இயக்கம் அப்போது குலைகிறது.

இதற்கு ஒரு வரம்பும் உண்டு. சையன் பைலாக்கும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2002இல் காட்டியபடி, தேர்ந்த ஆட்டக்காரர் தம் வீச்சை உன்னிப்பாகக் கவனித்தால் கெடுகிறார். புதியவருக்கோ அந்தக் கவனம் உதவுகிறது. பிடியும் நிலையும் அறியாத புதியவருக்கு ஓரளவு விளக்கம் தேவை. அந்தக் கட்டத்தைத் தாண்டிய பிறகும் அதே விளக்கங்களைத் தொடர்வதுதான் தவறு.

கண்ணை எங்கே வைப்பது என்பதும் இவ்வகைப் பாடமே. கனடாவின் கால்கரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ் 1992இல் பட்டிங் செய்வோரின் பார்வையைப் பதிவுசெய்தார். திறமை மிக்கவர்கள் அடிக்குமுன் பார்வையைப் பந்தின்மேல் நீண்ட நேரம் அசையாமல் நிறுத்தினார்கள். திறமை குறைந்தவர்களின் பார்வை அலைந்தது. தோளையும் மணிக்கட்டையும் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் கற்பிக்கக்கூடிய பழக்கம் இது.

எதை முதலில் கற்பிப்பது?

கொலம்பியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, ஆட்டத்தின் ஒவ்வோர் அடிக்கும் மதிப்புப் போடும் கணக்கு முறையை உருவாக்கினார். தொழில்முறை வீரர் 8 அடித் தொலைவிலிருந்து குழிக்குள் தள்ள முயன்றால் ஏறத்தாழப் பாதி தடவை வெற்றிபெறுகிறார். ஆக, அந்த இடத்திலிருந்து முடிக்கச் சராசரியாக 1.5 அடிகள் ஆகின்றன. ஒரே அடியில் முடித்தவர் அரை அடி ஈட்டினார், இரண்டில் முடித்தவர் அரை அடி இழந்தார். நீண்ட அடி, குறுகிய அடி அனைத்தையும் இவ்வாறு ஒரே அலகில் ஒப்பிடலாம். அமெரிக்காவின் பிஜிஏ டூர் 2011இல் இதைப் பட்டிங்குக்கு ஏற்றுக்கொண்டது. 2014இல் பிராடி எழுதிய நூல் இம்முறையைப் பொது வாசகரிடம் கொண்டுசேர்த்தது.

ஆட்டத்தை வெல்வது பட்டிங்தான் என்ற பழைய நம்பிக்கையை இந்தக் கணக்கு அசைத்தது. நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரான ஆட்டக்காரருக்கும் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, 100 கெஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளிலிருந்து வருகிறது. அமெச்சூர்களுக்கும் இது பொருந்துகிறது. பந்தைத் தொலைத்துவிடும் டிரைவும், நீரில் விழும் அயர்ன் அடியும், பந்தின் உச்சியில் மட்டும் பட்டு உருளும் அடியும் எண்ணிக்கையை ஏற்றுகின்றன.

ஆயினும் சராசரி எல்லாருக்கும் பொருந்தாது. ஒருவரது இழப்பு எங்கே என்பதை அவரது ஆட்டப் பதிவுதான் காட்டும். அதற்கு நுட்பமான செயலியும் தேவையில்லை. ஐந்தாறு ஆட்டங்களில் தண்டனை அடி வாங்கிய இடங்கள், குழியைச் சுற்றியுள்ள புல்தளமான கிரீனை எட்டாமல் விழுந்த அடிகள், கிரீனுக்கருகிலிருந்து மூன்று அடிக்குமேல் எடுத்த குழிகள், மூன்று பட்டிங் எடுத்த குழிகள் ஆகிய நான்கையும் குறித்துவந்தால் போதும். இந்தத் தாளைப் பார்க்காமல் தொடங்கும் பாடம், மாணவரின் பிழையை விட்டு ஆசிரியருக்குப் பிடித்த பொருளைப் பற்றியதாகிவிடுகிறது.

பயிற்சியை அமைக்கும் விதம்

பயிற்சித் திடலில் பெரும்பாலானோர் ஒரு கூடைப் பந்தை ஒரே மட்டையால் ஒரே இலக்கை நோக்கி அடித்துத் தீர்க்கிறார்கள். இருபதாவது பந்து நன்றாகப் போகிறது, திறன் கைவந்துவிட்டதாகத் தோன்றுகிறது. ஆட்டத்திலோ அடுத்தடுத்த இரண்டு அடிகள் ஒன்றுபோல அமைவது அரிது. டிரைவரால் ஓர் அடி, நடந்துபோய் அயர்னால் ஓர் அடி, பிறகு வெட்ஜால் ஒன்று என்று மட்டையும் தொலைவும் தரையும் மாறிக்கொண்டே இருக்கின்றன. பையில் 14 மட்டைகள்வரை வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. எதை எடுப்பது என்ற முடிவும் ஆட்டத்தின் பகுதியே.

ஜான் ஷேயும் ராபின் மோர்கனும் 1979இல் செய்த ஆய்வு இத்துறையின் அடிக்கல். கையால் தடைகளைத் தட்டிச் செல்லும் மூன்று செயல்களை ஒரு குழு ஒன்றன்பின் ஒன்றாக முடித்துப் பயின்றது, மற்றது கலந்து பயின்றது. பயிற்சியில் முதல் குழு வேகமாக முன்னேறியது. பின்னர் நடந்த நினைவுச் சோதனையிலும் புதிய செயலுக்கு மாற்றும் சோதனையிலும் கலந்து பயின்ற குழு முந்தியது. ஒவ்வொரு முறையும் செயலைப் புதிதாக நினைவுக்குக் கொண்டுவர வேண்டிய உழைப்பே கற்றலை ஆழப்படுத்துகிறது என்பது ஒரு விளக்கம். அந்த ஆய்வுக்கு ஓராண்டு முன் கெர்ரும் பூத்தும் குழந்தைகளைச் சிறு பைகளை இலக்கில் எறியச் செய்தார்கள். சோதிக்கப்படும் தொலைவிலேயே பயின்றவர்களைவிட, அதற்கு முன்னும் பின்னும் உள்ள தொலைவுகளில் மாறிமாறிப் பயின்றவர்கள் சிறப்பாக எறிந்தார்கள்.

விளையாட்டுத் திடல்களில் இந்த விளைவு ஆய்வுக்கூடத்தில் போல எப்போதும் பளிச்சென்று தெரிவதில்லை. மிகப் புதியவர்களுக்குத் தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் கலப்பது சுமையாகும். போர்ட்டரும் மகில்லும் 2010இல் பட்டிங்கைக் கொண்டு செய்த ஆய்வு இதற்கு வழிகாட்டுகிறது. முதலில் ஒரே வகையாக, பிறகு வரிசைமாற்றி, கடைசியில் முழுதும் கலந்து பயின்ற குழு ஒரே வகையாக மட்டும் பயின்ற குழுவையும், தொடக்கத்திலிருந்தே முழுதும் கலந்து பயின்ற குழுவையும்விட நன்றாகக் கற்றது. படிப்படியாகக் கலப்பைக் கூட்டுவதே பொருத்தமான நடைமுறை.

கால இடைவெளியும் கணக்கில் சேரும். பிரிட்டனில் தபால் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்பித்ததை ஆராய்ந்து பேட்லியும் லாங்மனும் 1978இல் வெளியிட்ட முடிவு, நாளுக்கு ஒரு மணி நேரம் பயின்றவர்கள் ஒவ்வொரு மணி நேரப் பயிற்சியிலும் அதிகமாகக் கற்றார்கள் என்பது. நாளுக்கு நான்கு மணி நேரம் பயின்றவர்களுக்கு அதே நிலையை எட்டக் கூடுதல் மணிகள் தேவைப்பட்டன. ஆனால் தம் பயிற்சியில் குறைவாக நிறைவடைந்தவர்கள் நாளுக்கு ஒரு மணி நேரம் பயின்றவர்களே. நல்ல பயிற்சி நல்லதாகத் தோன்றாமல் போவது இங்கும் நிகழ்ந்தது. ஞாயிற்றுக்கிழமை முன்னூறு பந்து அடிப்பதைவிட, வாரத்தில் நான்கு நாள் வீட்டு முற்றத்தில் பதினைந்து நிமிடம் பட்டிங் செய்வது நேரம் குறைந்தவருக்கு மேலானது.

பின்னூட்டத்தின் அளவு

ஒவ்வோர் அடிக்கும் ஒரு விமரிசனம், திரையில் பன்னிரண்டு எண்கள், மெதுவோட்டத்தில் ஒரு காணொளி என்று இன்றைய பாடம் தகவலால் நிறைந்திருக்கிறது. வின்ஸ்டைனும் ஷ்மிட்டும் 1990இல் காட்டியபடி, எல்லா முயற்சிக்கும் பின்னூட்டம் பெற்றவர்களைவிடப் பாதி முயற்சிக்கு மட்டும் பெற்றவர்கள் பின்னர் அதை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். தொடர்ந்து சொல்லிக்கொண்டே இருந்தால் மாணவர் தம் உடல் தரும் செய்தியைக் கவனிக்கப் பழகுவதில்லை. கருவி இல்லாத மைதானத்தில் அந்தச் செய்தி மட்டுமே அவருக்குத் துணை.

ஆசிரியர் செய்யத்தக்க எளிய மாற்றம் ஒன்று உண்டு. ஐந்து பந்துகளை அடிக்கவிட்டு, பந்து முகத்தில் எங்கே பட்டது, எந்தப் பக்கம் கிளம்பியது என்று மாணவரையே முதலில் சொல்லச் செய்து, அதன்பிறகு கருவியின் எண்ணைக் காட்ட வேண்டும். மாணவரின் கணிப்பும் எண்ணும் நெருங்க நெருங்க, ஆசிரியரின் தேவை குறைகிறது. பன்னிரண்டு எண்களில் அன்றைய பாடத்துக்குரிய ஒன்றை மட்டும் திரையில் விட்டு மற்றவற்றை மறைப்பதும் நல்ல வழக்கம்.

ஒரே வார்ப்பு எல்லாருக்கும் பொருந்துமா?

புகழ்பெற்ற வீரர் பென் ஹோகன் 1957இல் வெளியிட்ட ஐந்து பாடங்கள் கோல்ஃப் உலகில் வேதம்போல் படிக்கப்பட்டன. அவை ஒரு மேதையின் உடலுக்கும் அவரது பிழைகளுக்கும் ஏற்ப அமைந்தவை. பந்து இடப்பக்கம் வளைவதற்கு அஞ்சிய ஹோகன், முகம் மூடாமல் காக்கும் பிடியைக் கைக்கொண்டார். பந்து வலப்பக்கம் வளைந்தோடும் ஸ்லைஸால் அவதிப்படும் அமெச்சூர் அதை அப்படியே பின்பற்றினால் அவரது நோய் கூடும்.

ரஷ்ய ஆய்வாளர் நிக்கலாய் பெர்ன்ஸ்டைன் 1920களில் மாஸ்கோவில் உளியைச் சுத்தியலால் அடிக்கும் தொழிலாளர்களைப் படமெடுத்தார். தேர்ந்த தொழிலாளியின் தோளும் முழங்கையும் அடிக்கு அடி வேறுபட்டன, சுத்தியல் முனை மட்டும் உளித்தலையில் துல்லியமாக இறங்கியது. திறன் என்பது ஒரே அசைவைத் திரும்பச் செய்வதல்ல, ஒரே விளைவைப் பல அசைவுகளால் எட்டுவது. கோல்ஃபிலும் இதைக் காணலாம். தொழில்முறை வீரர் ஜிம் ஃபியூரிக்கின் வீச்சு மேலே ஒரு சுழி போட்டுக் கீழே இறங்கும். எந்தப் பாடநூலும் அதைப் பரிந்துரைக்காது. அவர் 2003இல் அமெரிக்க ஓப்பனை வென்றார், 2016இல் பிஜிஏ டூரின் மிகக் குறைந்த எண்ணிக்கையான 58ஐ எடுத்தார். அவருக்கு ஆசிரியராயிருந்த தந்தை அந்தச் சுழியை மாற்ற முற்படவில்லை. இந்தியாவில் எஸ்.எஸ்.பி. சௌராசியா, ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரை பராமரித்தவரின் மகன். முறையான வகுப்பு இல்லாமல் ஆடுகளத்திலேயே கற்று, 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இந்திய ஓப்பனை வென்றார்.

இவர்களைப் போல வீச வேண்டும் என்பது பாடமல்ல. மட்டைமுகம் பந்தைத் தொடும் கணத்தில் சரியாக இருந்தால், அதற்கு முந்தைய வழி பலவாக இருக்கலாம் என்பதே பாடம். அறுபது வயதுக்காரரின் இடுப்பு சுழலும் அளவை முதலில் பார்த்துவிட்டு, அந்த எல்லைக்குள் தீர்வு தேடுவது ஆசிரியரின் கடமை.

இலக்கைத் தேர்ந்தெடுத்தல்

வீச்சை மாற்றாமலே எண்ணிக்கையைக் குறைக்கும் வழி, முடிவெடுப்பதைக் கற்பிப்பது. பந்து கிளம்பும் திசை ஒரு பாகை விலகினால் 200 கெஜத்தில் பந்து ஏறத்தாழ 3.5 கெஜம் தள்ளிப்போகிறது. ஐந்து பாகை விலகல் அமெச்சூருக்கு வழக்கமானது. 150 கெஜத்தில் அது 13 கெஜம். கொடிக்கம்பம் கிரீனின் வலது ஓரத்தில், மணற்குழிக்கு அடுத்து இருக்கும்போது கொடியையே குறிவைத்தால், சாதாரணமான விலகல்கூட மணலில் முடிகிறது. கிரீனின் நடுவைக் குறிவைத்தால் அதே விலகல் புல்தரையில் நிற்கும்.

பட்டிங்கிலும் இந்தக் கணக்கு நிதானம் தரும். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். 10 அடித் தொலைவில் ஒரு பாகை விலகினால் பந்து குழியின் நடுவிலிருந்து ஏறத்தாழ 53 மில்லிமீட்டர் தள்ளிப்போகும், அதாவது குழியின் விளிம்புக்கு. அந்தத் தொலைவிலிருந்து தவறுவது இயல்பு என்று அறிந்த அமெச்சூர், முதல் பந்தைக் குழிக்கு அருகில் நிறுத்தும் வேகக் கட்டுப்பாட்டைப் பயில்வார். இவற்றைக் கற்பிக்க ஏற்ற இடம் மைதானம். நான்கு பாடங்களில் ஒன்றையாவது ஆசிரியர் மாணவரோடு நடந்து, ஆட்டத்தினூடே நடத்த வேண்டும்.

ஒரு பாடத்தின் வடிவம்

இந்த முடிவுகள் ஒன்றுசேர்ந்தால் ஒரு மணி நேரம் எப்படி அமையும் என்பதை ஸ்லைஸ் அடிக்கும் வலக்கை மாணவரைக் கொண்டு காணலாம். முதல் பத்து நிமிடம் ஆசிரியர் அவரது ஆட்டத்தாளைப் பார்த்து, சில பந்துகளை அடிக்கச் சொல்லி, பந்து கிளம்பும் திசையையும் வளைவையும் முகத்தில் பட்ட இடத்தையும் குறித்துக்கொள்கிறார். முகம் பாதையைவிட வலப்பக்கம் திறந்திருப்பது உறுதியாகிறது. இடக்கையைப் பிடியில் சற்று வலப்பக்கம் திருப்பிவைப்பதே உடலைப் பற்றிய ஒரே அறிவுரை.

பிறகு வேலையைக் களமே சொல்லித்தருகிறது. பந்துக்கு அப்புறம், சற்றுப் பின்தள்ளி, ஒரு காலிப் பந்துப்பெட்டி வைக்கப்படுகிறது. மட்டை வெளியிலிருந்து குறுக்காக இறங்கினால் பெட்டியைத் தட்டும். இலக்குக் கோட்டில் மூன்று மீட்டர் முன்னால் ஒரு குச்சி நடப்படுகிறது. பந்து குச்சிக்கு வலப்பக்கம் கிளம்பி நடுவுக்குத் திரும்ப வேண்டும் என்பதே பணி. மாணவர் தோளையும் இடுப்பையும் மறந்து குச்சியைப் பார்க்கிறார். பதினைந்து பந்துக்குப் பிறகு மட்டை மாறுகிறது, இலக்கு மாறுகிறது. கடைசிப் பதினைந்து நிமிடத்தில் ஒவ்வொரு பந்துக்கும் புது மட்டை, புது இலக்கு, நடுவே ஓய்வு. ஆசிரியர் பேசாமல் நிற்கிறார். வீட்டுக்குக் கொண்டுபோக ஒரே வாக்கியமும் ஒரே பயிற்சியும் தாளில் எழுதித் தரப்படுகின்றன. இரண்டு வாரம் கழித்து, புதிதாக எதையும் தொடங்குமுன், எந்த அறிவுரையும் தராமல் பத்துப் பந்து அடிக்கவைத்து முந்தைய பாடம் நின்றதா என்று சோதிக்கப்படுகிறது.

கேட்கவேண்டிய கேள்விகள்

கற்பவர் ஆசிரியரிடம் சில கேள்விகளை உரிமையோடு கேட்கலாம். என் ஆட்டத்தில் அதிக இழப்பு எங்கே? இன்று மாற்றப்போகும் ஒன்று எது? ஆட்டத்தின்போது நான் மனத்தில் வைக்க வேண்டியது எது? அடுத்த பாடம்வரை எதை எப்படிப் பயில வேண்டும்? மாற்றம் நின்றதா என்பதை எப்போது சோதிப்போம்? இவற்றுக்குத் தெளிவான விடை சொல்லும் ஆசிரியரிடம் எளிய திடலும் ஒரு குச்சியும் இருந்தால் போதும். விடை சொல்ல முடியாதவரிடம் எத்தனை விலையுயர்ந்த ரேடார் இருந்தாலும் மாணவரின் எண்ணிக்கை இறங்காது.